மாடில்லாத கௌபாய்

மெர்லிமாவ்
12.5.2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் ஒன்பது மாடுகளும் நலம். மலாக்காவில் நீங்களும் உங்கள் நாவலின் கௌபாயும் நலம்தானே? போனில் பேசினால் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. எழுத்தே தேவலை.

இதுவரை எழுதிய பன்னிரண்டு அத்தியாயங்களும் வந்தன. கோழி கிளறியது போன்ற உங்கள் எழுத்தை வழக்கம்போல் நான்தான் படியெடுக்கிறேன். பால் வாங்க வரும் முனியாயி அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். "என்னலா நிர்மலா, கௌபாய்னு சொல்றாரு, ஒரு மாட்டையும் காணோமே?" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விண்கலம், ஒளித்துப்பாக்கி, தொப்பி எல்லாம் இருக்கின்றன, மாடு மட்டும் இல்லை.

மூன்று மாதத்தில் எழுதி முடித்துவிட்டு வருவதாகச் சொன்னீர்கள். இது ஏழாவது மாதம். சாணி நாற்றத்தில் எழுத்து வராது என்று சொல்லிவிட்டுப் போனதை நான் மறக்கவில்லை.

மழையில் நனையாதீர்கள்.

நிர்மலா

மலாக்கா
20.5.2024

அன்பு நிர்மலா,

விண்வெளிக் கதையில் கௌபாய் மாடு மேய்ப்பவன் அல்ல என்று அக்காவிடம் சொல். சட்டம் எட்டாத கிரகத்துக்குத் தனியாக வருவான். குதிரைக்குப் பதில் விண்கலம். அக்கிரமத்தைத் தட்டிக்கேட்டு, எல்லாம் சரியானதும் கிளம்பிவிடுவான். தங்கிவிட்டால் அவன் கௌபாய் இல்லை, வெறும் குடும்பஸ்தன்.

கடைசி அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவன் புறப்படுகிறான், ஒரு பெண் வேலியோரம் நின்று பார்க்கிறாள். அவ்வளவுதான். அடுத்த நாவலையும் இங்கேயே தொடங்கச் சொல்கிறார், அறை நண்பர் மருதமுத்து. நீ என்ன சொல்கிறாய்?

திலீபன்

மெர்லிமாவ்
27.5.2024

அன்புள்ளவருக்கு,

கடைசி அத்தியாயத்தைப் படியெடுக்கவில்லை. கை ஓடவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லையே. அவன் போனதும் கதையும் அவளை விட்டுப் போய்விடுகிறது. அவளுக்கு மறுநாள் விடியாதா? சண்டையில் அவன் உடைத்த வேலியை யார் கட்டுவது?

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சிவப்பி கன்று போட்டாள், கிடேரி. செம்பனை மரத்தடியில் நான் தனியாகவே பிரசவம் பார்த்தேன். பயமில்லை. நீங்கள் இல்லாமல் எதுவும் நின்றுவிடவில்லை. ஆனால் அந்தக் கன்று எழுந்து நின்றபோது உங்களிடம் சொல்லத் திரும்பினேன். ஆளில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாவலை எங்கே எழுதுவதென்று என்னைக் கேட்காதீர்கள்.

நிர்மலா

மெர்லிமாவ்
2.6.2024

நிர்மலா,

இதைத் தபாலில் போடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர்க் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் வாயைத் திறந்தால் ஏதாவது உளறிவிடுவேன். அதனால் உன் கையிலேயே கொடுக்கப் போகிறேன்.

கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போடு. அந்தப் பெண்ணின் மறுநாள் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை மாதம் உன் மறுநாளையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. போகும்போது சொன்ன சொல்லுக்கு வெட்கப்படுகிறேன். பெட்டி, புத்தகம் எல்லாம் கொண்டுவந்துவிட்டேன். மருதமுத்துவிடம் சாவியைக் கொடுத்தாயிற்று.

நீ படித்து முடிக்கும்வரை மாட்டுக் கொட்டகைக்கு வெளியே நிற்கிறேன். கோபம் தீரவில்லை என்றால் பேச வேண்டாம். பால் வாளியை மட்டும் என் கையில் கொடு.

திலீபன்