வெளிச்சத்துக்கு நாலடி தள்ளி

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய கதாநாயகி அவர்களுக்கு,

அரங்கத்தின் விளக்குப் பொறுப்பாளர் எழுதிக்கொள்வது. மார்ச் 14 அன்று உங்கள் குழு எங்கள் மேடையில் நாடகம் போடுவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். வருகிற குழுவுக்கெல்லாம் மேடை விவரம் அனுப்புவது வழக்கம். உங்கள் இயக்குநருக்கு ஒன்று போய்விட்டது. உனக்குத் தனியாக எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பழைய விளக்குகள் முப்பத்தாறையும் இறக்கிவிட்டு எல்.இ.டி. மாட்டிவிட்டோம். முன்பு ஒவ்வொன்றும் ஆயிரம் வாட் குடித்தது. இப்போது இருநூறில் அதே வெளிச்சம். ஏணியில் ஏறினால் விரல் வேகவில்லை. நிறம் மாற்ற வண்ணத்தாள் செருகி, அது கருகி, மறுபடி செருகுகிற வேலையே கிடையாது. முதல் வரிசைக்காரர்கள் நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் காட்சியிலேயே உன் மேக்கப் கழுத்துக்கு இறங்கிவிடுமே, இனி இறங்காது. மேடை அவ்வளவு குளுமை.

மூன்று வருடமாக உனக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி எதுவும் இல்லை. கிடைத்ததும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
விளக்குப் பொறுப்பாளர்
(வேறு பொறுப்புகளும் ஒருகாலத்தில் இருந்தன)


பிப்ரவரி 9

விளக்குப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று வருடம் கழித்துப் பெண்டாட்டிக்கு எழுதுகிற மனுஷர் வாட் கணக்கு எழுதுகிறார். நீங்கள் நீங்களாகவே இருக்கிறீர்கள் என்பதில் ஒரு நிம்மதி. சாப்பிடுகிறீர்களா, இல்லை அந்த டீயிலேயே காலத்தை ஓட்டுகிறீர்களா?

விளக்கு மாற்றியது சரி. ஆனால் நடு மேடைக்கு மட்டும் பழசில் நாலைந்தை மாட்டிவைக்கக் கூடாதா? அதில் முகம் நன்றாக எடுக்கும். வேறு காரணம் ஒன்றுமில்லை.

இத்துடன் பத்திரிகைத் துணுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். போன மாதம் வேறொரு அரங்கில் போட்ட நாடகத்துக்கு வந்த விமர்சனம். கடைசிக் காட்சியில், மகனைப் பறிகொடுத்த தாய் பேசுகிற நீண்ட வசனத்தை நான் முழுக்க முழுக்க இருட்டில் நின்று பேசினேன். விமர்சகர் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கிறார். "வெளிச்சத்தையே உதறிவிட்ட துணிச்சல்" என்று எழுதியிருக்கிறார். இயக்குநருக்கு ஒரே பூரிப்பு. இனி எல்லா ஊரிலும் அப்படியே செய்யலாம் என்கிறார். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், யாரைக் கட்டியிருக்கிறீர்கள் என்று.

இப்படிக்கு,
துணிச்சல்காரி


பிப்ரவரி 15

துணிச்சல்காரிக்கு,

துணுக்கை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் சிரித்தேன். டீ மாஸ்டர் என்னவென்று கேட்டார், சொல்லவில்லை.

யார் காதில் பூ சுற்றுகிறாய்? வெளிச்சத்தை உதறுகிற ஆளா நீ? ஒருமுறை உன் பக்கத்து விளக்கு ஒன்று ஃப்யூஸ் ஆனதற்கு, வசனத்தை நிறுத்திவிட்டு மேலே என்னை முறைத்தவள் நீ. பார்த்தவர்கள் அதையும் நடிப்பென்று நினைத்தார்கள். மேடைக்கு நடுவில் ஒரு தீக்குச்சி எரிந்தால்கூட அதற்குக் கீழே போய் நிற்பாய்.

மனசு கேட்கவில்லை. அந்த அரங்கத்து விளக்குக்காரர் எனக்குப் பழக்கம். போன் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, நடுவுல வெளிச்சம் சரியாத்தான் விழுந்துச்சு. அது பாட்டுக்கு காலியா எரியுது. அம்மா நாலடி தள்ளி நின்னு பேசிக்கிட்டு இருக்காங்க. வேல போச்சுன்னே நெனச்சேன். ஆனா கைதட்டல் வந்ததும் நானும் வேணும்னு பண்ண மாதிரி இருந்துட்டேன்."

அங்கேயும் எல்.இ.டி.தான் என்றார். நீ என்னிடம் பழைய விளக்கு கேட்கிறாய். உனக்குத் தெரியுமே, நான் படிப்பில் மந்தம், ஆனால் விளக்கு விஷயத்தில் மந்தம் இல்லை.

என்ன ஆயிற்று? பூசி மெழுகாமல் சொல்.

இப்படிக்கு,
உன்னை மேலேயிருந்து பதினைந்து வருடம் பார்த்தவன்


பிப்ரவரி 21

உங்களுக்கு,

நாலு தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

மாலைக்கண். இந்த வார்த்தையை எழுதவே பிடிக்கவில்லை. டாக்டர் வேறு நீளமான பெயர் சொன்னார், அது இன்னும் மோசம். பகலில் ஊசிக்கு நூல் கோக்கிறேன். வெளிச்சம் குறைந்தால் எதுவும் தெரிவதில்லை. இரண்டு வருடமாக இப்படி. மெதுவாகத்தான் கூடும், பயப்பட வேண்டாம் என்கிறார். நான் பயப்படுகிறேன்.

கடைசிக் காட்சிக்கு மேடையை முழுக்க இருட்டாக்குவார்கள். நான் நடந்து போய் நடுவில் ஒட்டியிருக்கிற வெள்ளை டேப் மேல் நிற்க வேண்டும். பிறகு விளக்கு ஏறும். டேப் எனக்குத் தெரியாது. ஆனால் பழைய விளக்கு ஏறும்போது சூடு வருமே, அது எந்தக் கன்னத்தில் படுகிறதோ அந்தப் பக்கம் அரையடி நகர்ந்துவிடுவேன். முகம் முழுக்கச் சுட்டால் சரியான இடம். இரண்டு வருடம் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த அரங்கில் விளக்கு ஏறியது, கண் கூசியது, சூடு மட்டும் வரவே இல்லை. வெளிச்சத்தில்தான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நாலு நிமிஷம் பேசினேன். பத்திரிகையைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

இயக்குநரிடம் சொன்னால் வேடம் போய்விடும். குழுவில் ஒரு சின்னப் பெண் என் வசனம் மொத்தத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். நல்ல பெண், என்னை அக்கா அக்கா என்று சுற்றி வருகிறாள். அதனாலேயே அவள் வந்தால் நான் வேறு பக்கம் போய்விடுகிறேன். இந்தத் தாய் வேடத்தை விட்டால் எனக்கு இனி வேடம் கிடையாது. யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

உங்களிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் நடிகர்களிடம் சொல்கிற வாக்கியம் எனக்குத் தெரியும். "வெளிச்சம் இங்க இருக்கு, நீ வந்து நில்லு." குழுவோடு ஊர் ஊராகப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டபோதும் அதைத்தானே சொன்னீர்கள். "நான் இங்கதான் இருப்பேன், நீ வந்துக்கோ." வந்து வந்து எனக்குக் கால் வலித்துவிட்டது.

இப்படிக்கு,
நான்தான்


பிப்ரவரி 26

என் அன்புள்ள பட்டாசுக்கு,

பழைய பெயரில் கூப்பிட்டதற்குக் கோபிக்காதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். விளக்கு அறையில் யாரும் இல்லை. இரண்டு வருடமாக நீ கன்னத்தால் மேடையைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறாய். நான் இங்கே ஸ்குரூ முடுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கால் வலியைப் பற்றி நீ சொன்னது சரி.

இனி வேலைக்கு வருவோம். முதலில் உன் பழைய விளக்கு. இங்கே ஒன்றை மாட்டிவிடலாம், ஒரு மணி நேர வேலை. ஆனால் அடுத்த ஊரில்? எல்லோரும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், மாற்றாமல் இருக்கவும் கூடாது. அந்தச் சூடெல்லாம் வீணாய்ப்போன மின்சாரம். உனக்கு ஒருத்திக்குத்தான் அது வழிகாட்டியது. தரையில் சொரசொரப்பாக ஏதாவது ஒட்டலாம் என்று பார்த்தால், கடைசிக் காட்சியில் உனக்குச் செருப்பு உண்டு.

வேறு யோசனை இருக்கிறது. புதிதாக வந்ததில் இரண்டு நகரும் விளக்குகள். கழுத்தில் மோட்டார். கீழே ஒரு பிடியை அசைத்தால் மேலே அது திரும்பும். இருட்டில் நீ எங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும், என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, உன் நடையும் மறக்கவில்லை. நீ டேப்பைத் தேடவே வேண்டாம். எங்கே தோன்றுகிறதோ அங்கே நில். விளக்கு அங்கேயே ஏறும்.

ஆனால் ஒரு நிபந்தனை. இயக்குநரிடம் நீயே சொல்ல வேண்டும். எங்கள் மேடையோரம் மூன்று படி இருக்கிறது. இருட்டில் நீ அதில் உருண்டால் விமர்சகர் அதையும் துணிச்சல் என்று எழுதிவிடுவார், எலும்பு உன்னுடையது. உன்னைக் கையைப் பிடித்து மேடைக்குள் விட ஓர் ஆள் வேண்டும். அந்தச் சின்னப் பெண்ணையே கேள்.

உன்,
பல்பு


மார்ச் 5

அன்புள்ள பல்புக்கு,

சொல்லிவிட்டேன்.

ஒத்திகை முடிந்ததும் இயக்குநரைத் தனியாகக் கூப்பிட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. வேடம் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்த இருட்டு?"

"தெரியாம நடந்துபோச்சு சார்."

"ஐயோ, நான் மூணு பேட்டி குடுத்துட்டேனேம்மா. இருட்டுதான் இந்த நாடகத்தோட ஆன்மான்னு வேற சொல்லிட்டேன்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

ஆனால் இரக்கத்துக்காக வேடம் தர மாட்டாராம். சரியாகத்தான் சொன்னார். "பதினாலாம் தேதி உங்க வீட்டுக்காரர் அரங்கத்துல பாப்போம். கடைசி வரைக்கும் உங்க முகம் வெளிச்சத்துல இருந்தா வேடம் உங்களோடது. இல்லேன்னா அந்தப் பொண்ணு பண்ணட்டும்." அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். அவள்தான் என்னை மேடைக்குள் கொண்டுவிடப் போகிறாள். "நீங்க பயப்படாதீங்கக்கா, நான் கெட்டியாப் புடிச்சுக்கறேன்" என்றாள். அவளைப் பற்றி உங்களுக்கு எழுதியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. உங்கள் கை நடுங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டீயைக் குறையுங்கள்.

பட்டாசு


மார்ச் 16

என் பட்டாசுக்கு,

நேற்றுக் காலை உங்கள் வண்டி கிளம்பியபோது வாசலில் நின்றேன். கை காட்டினாய். முந்தின இரவு மேக்கப் அறையில் அத்தனை பேர் சூழ்ந்திருக்க, "நன்றி சார்" என்றாய். பதினெட்டு வருட மனைவி சார் என்று கூப்பிட்டால் ஒருவன் என்ன பதில் சொல்வது? "பரவாயில்லைங்க" என்று வாயில் வந்துவிட்டது. பெரிய பல்பு வாங்கியது நான்தான்.

நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருட்டில் நீ டேப்புக்கு ஐந்தடி முன்னால் நின்றாய். அங்கேயே ஏற்றினேன். புது விளக்குகள் பட்டென்று எரிந்து பட்டென்று அணைகிற ரகம், அவற்றை மெதுவாக ஏறி இறங்கப் பழக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. உன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பிறகு நீ செய்தது என்ன? அந்த வசனத்தில் நடையே கிடையாது. நீ பாட்டுக்கு இடது பக்கம் நடந்தாய், திரும்பினாய், மறுகோடி வரைக்கும் போனாய். எனக்கு உயிர் போய் வந்தது. ஒரு கணம்கூட உன்னை விடவில்லை என்று நினைக்கிறேன். இயக்குநர் என் பக்கத்தில் நின்று கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "வேடம் அவங்களோடதுதான்" என்றார். இதை உன்னிடம் சொன்னாரா?

இனி என் விஷயம். இந்த விளக்குகளில், நகரும் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு போதும், உங்கள் நாடகம் முழுக்க நடத்திவிடலாம். ஜெனரேட்டர் வண்டி வேண்டாம். இஸ்திரிப் பெட்டி செருகுகிற பிளக் ஒன்று எந்த ஊரிலும் இருக்கும், அது போதும். எல்லாம் உங்கள் வேனின் பின்பக்கத்தில் அடங்கிவிடும். அரங்கத்தில் வாடகைக்குத் தரச் சம்மதித்துவிட்டார்கள். பழைய விளக்கென்றால் ஒரு லாரி வேண்டும், நான் அரங்கத்தை விட்டு நகராததற்கு அதைத்தான் சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சாக்கு இல்லை. ஒரு வருட விடுப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். இயக்குநர் சரி என்கிறார். நீ சரி என்றால்தான் வருவேன். வேண்டாம் என்றாலும் விளக்குகளையும் அவற்றை ஓட்டத் தெரிந்த ஆளையும் அனுப்பிவைப்பேன். உனக்கு வெளிச்சம் குறையாது.

உன்,
பல்பு


மார்ச் 20

என் பல்புக்கு,

அந்த நடையைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில் விளக்கு ஏறியபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, சூடில்லாத வெளிச்சம்தானே. அதனால் கையைத் தூக்கிப் பார்த்தேன். விரல் ஐந்தும் தெரிந்தன. இரண்டடி நகர்ந்து பார்த்தேன், அப்போதும் தெரிந்தன. அப்புறம் வேண்டுமென்றேதான் மேடை முழுக்க நடந்தேன். இந்த மனுஷர் எவ்வளவு தூரம் வருகிறார், பார்த்துவிடுவோம் என்று. தாய் அழ வேண்டிய இடத்தில் நிஜமாகவே அழுதேன், சந்தோஷத்தில். விமர்சகர் அதற்கு என்ன எழுதப் போகிறாரோ.

வருகிறேன் என்கிற உங்கள் கடிதத்தைச் சின்னப் பெண்தான் வாங்கிவந்து கொடுத்தாள். நான் படிக்கிற வரைக்கும் நகரவே இல்லை. "என்னக்கா, வராங்களா?" என்றாள். என் மூஞ்சியே சொல்லிவிட்டது போலிருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்ட வேண்டும். சொட்டு மருந்து விட்டால் நாலு மணி நேரம் ஒன்றும் தெரியாது, துணைக்கு ஆள் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். இதுவரை நாலு தடவையும், "கூட வந்தவங்க வெளியில வண்டி நிறுத்தறாங்க" என்று பொய் சொல்லிவிட்டு, முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை தேதி வாங்கப் போனபோதே நர்ஸ் விடவில்லை. துணைக்கு வருகிறவர் யார், என்ன உறவு என்று கேட்டுப் படிவத்தில் எழுதச் சொன்னாள். வீட்டுக்காரர் என்று எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. விளக்குகள் பின்னால் வரட்டும், நீங்கள் முதலில் வாருங்கள்.

உங்கள்,
பட்டாசு