நம்பரத் திருப்பி வாசிக்க வச்சவனுக்கு

மக்கா,

இன்னைக்கு வலை வைக்க கொட்டகைய ஒதுக்கும்போ ஒனக்க பழைய ஜி.பி.எஸ். கையில மாட்டிச்சு. ஓடாது. ஆனா மண்ணெண்ண வாடை இன்னும் போகல. அம்புக்குறி போட்ட பட்டன் தேஞ்சு வழுக்குது. கண்டதும் எனக்கு அழுகை வரல, எரிச்சல்தான் வந்துச்சு.

அதுல நம்பர் பட்டனே கெடையாது. ஏழு வேணும்னா பூஜ்யத்துலேந்து அம்புக்குறிய அமுக்கி அமுக்கி ஏத்தணும். மீன் கெடக்க பாறைக்க எடத்த நீ ஒவ்வொரு எண்ணா ஏத்துவ, எனக்கு மண்ட காயும். நான் பாலிடெக்னிக்க விட்டதே அங்க எல்லாம் பைய நடக்குன்னுதான். ஒனக்க வள்ளத்துக்கு வந்தா நீ அதுக்கும் மேல. நம்பர் பட்டன் உள்ள புதுசு வாங்குலேன்னு எத்தன சண்ட போட்டேன். "அதுல விரலப் பாத்து அடிப்ப, நம்பர் தெரியுற கண்ணாடியப் பாக்கமாட்ட. இதுல கண்ணாடியப் பாக்காம ஒண்ணும் நடக்காது" ன்னுவ. அதோட விட்டியா? அடிச்சவன் வாசிக்கக் கூடாதாம், மனசுல உள்ளதத்தான் வாசிப்பானாம். அதனால பக்கத்துல இருக்க நான் ஒவ்வொரு எண்ணாச் சத்தமா வாசிக்கணும். கடியப்பட்டணத்துல மத்த வள்ளத்துல பாட்டு கேக்கும், நம்ம வள்ளத்துல வாய்ப்பாடு கேக்கும்.

மஞ்சக்காமாலை வந்து நீ போயிட்ட. அதுக்கு மட்டும் ஒனக்கு அவசரம்.

நான் எனக்க மாமா வள்ளத்துக்கு மாறினேன். அங்க நம்பர் பட்டன் உள்ள புதுசுதான், நான் ஆசப்பட்டது. போன வாரம் கடல்ல நிக்கோம், வயர்லெஸ்ல ஒனக்க தம்பி சத்தம். எஞ்சின் நின்னுட்டு, தண்ணி ஏறுது, கோரி ஊத்தியும் மாளலன்னான். நிக்க எடத்த நம்பராச் சொன்னான். மாமா டக்கு டக்குன்னு அடிச்சு வள்ளத்தத் திருப்பினாரு. ஒருக்கா வாசிச்சுப் பாப்போம்னேன். அங்க மூணு பேரு முங்கப் போறானுவ, ஒனக்கு இங்க பள்ளிக்கூடமான்னு கத்தினாரு. ஞாயந்தான். ஆனாலும் வயர்லெஸ் செட்டப் பிடுங்கி, கண்ணாடியில கெடந்தத அதுல வாசிச்சேன். ஏழு. ரெண்டு. அஞ்சு.

"ஏழு, அஞ்சு, ரெண்டுலே" ன்னான் தம்பி. "நீங்க எங்கலே போறிய?"

ரெண்டு எண்ணு எடம் மாறினதுக்கு நாங்க வெறுங்கடல்ல போய் நின்னிருப்போம். அந்த சவத்து மெஷினு ஒரு வார்த்த கேக்கல கேட்டியா, எதக் குடுத்தாலும் சரின்னு வழி காட்டுது.

மாமா மாத்தி அடிச்சாரு. நான் மறுபடி வாசிச்சேன், தம்பி ஒவ்வொண்ணுக்கும் ம் கொட்டினான். போய்ச் சேரும்போ அவனுக்க வள்ளத்து விளிம்பு தண்ணிக்குச் சமமா நின்னுச்சு. மூணு பேரையும் தூக்கி எங்க வள்ளத்துல போட்டோம். தம்பி பல்லு கிடுகிடுக்க, அண்ணனோட இந்த வாசிப்புத் தொல்ல ஒழிஞ்சுதுன்னு பாத்தா நீ பிடிச்சிட்டியான்னான்.

பிடிச்சிட்டேன்தான் மக்கா. கருங்கல் ஊருல போன் ரீசார்ஜ் பண்ணப் போனாலும் நம்பரத் திருப்பி வாசிக்கச் சொல்லி நிக்கேன். கடக்காரன் மொறைக்கான், பின்னால நிக்கவன் சிரிக்கான். எனக்கே என்னப் பிடிக்கல. விட்டுரலாம்னு நெனச்சா, தண்ணியோட சமமா நின்ன அந்த விளிம்பு கண்ணுல வருது. ஒன்னத் திட்டிட்டேதான் வாசிக்கேன். ஆனா வாசிக்கேன்.