சாம்பிராணிச் சட்டி

தேரா

அண்ணா,

விசாரணையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். எண்ணெய்க் குளியல் முடித்து வந்த முதலாளியம்மாவுக்குச் சாம்பிராணி போட்டது நான். ஏசிக்காகச் சன்னலெல்லாம் சாத்திய அறையில், தணல் சட்டியைக் கட்டிலடியில் விட்டுவந்ததும் நான்தான். நம் ஓட்டு வீட்டில் புகை தானாகப் போய்விடும். இங்கே போக வழியில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. தூங்கியவர் எழுந்திருக்கவேயில்லை.

“சமையல்காரன் வச்சான்னு சொல்லிடு. அவனை ஊருக்கு அனுப்பிடுவாங்க, கலாஸ், அதோட முடிஞ்சுது!” என்று அஜ்மானிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்தாயே!

என் பாஸ்போர்ட்டைப் போலீஸ் வாங்கிக்கொண்டது. வைத்துக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து நிற்கிறானே ராக்கப்பன், அந்தச் சமையல்காரன் இவன்தான். என்னிடம் சொன்னதை இவன் முகத்தைப் பார்த்துச் சொல், பார்க்கலாம்.

உன் தங்கை