இருபத்திமூணுக்கு ஒரு முழுப்பேர்

2007 கார்த்திகை, வியாழக்கிழமை

இன்னைக்கு என் வீட்டுக்காரருடைய ரத்த ரிப்போட் வந்தது. குடலில் இருக்கிற கட்டி கூடுதா குறையுதா என்று காட்டுற நம்பர் அதில் இருக்கும். மருந்து ஏற்றி ஏற்றிப் போன மாசம் ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. இன்னைக்கு இருபத்திமூணு. டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, இந்த மருந்து கேட்கவில்லை போல, வேறு பார்ப்போம் என்றார்.

வெளியே வந்தால் இவர் சிரிக்கிறார். நர்ஸ் எழுதி வைக்கிற கொப்பியில் ரெண்டு நம்பரையும் பார்த்துவிட்டார். முப்பது வருசம் பன்வில தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்த மனுசன். கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்; கூடினால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். அதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு.

"போன மாசம் அரைப்பேரு. இன்னைக்கு முழுப்பேரு போட்டுட்டேன், புள்ள!"

நான் ரிப்போட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வருகிற வழியில் செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் என் பையிலிருந்து ரிப்போட்டை எடுத்தான். இவர் சிங்களத்தில், "கூடியிருக்கு மாத்தயா, நல்லாக் கூடியிருக்கு" என்றார். அவன் வாசித்தான். சிரிக்கவில்லை. மடித்து, நீட்டிய அவர் கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சோறு கேட்டார். மூணு வாரத்துக்குப் பிறகு இன்னைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடியட்டும், சொல்லிவிடலாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"அடுத்த தடவை முப்பதைத் தாண்டிக் காட்டுறேன் பாரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார்.