உன் வரலாற்றில் நான் வெட்டிய பந்தாட்டம்

நினைவு மலர்க்குழுவின் பெரியோரே, என் குற்றச்சாட்டைக் கேளுங்கள். ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து அதன் உயிர்ப்பகுதி வெட்டி எறியப்பட்டிருக்கிறது. வெட்டிய கை என்னுடையது. ஆகவே உங்களைச் சான்றாக நிறுத்தி, மறைந்த அவனிடமே பேசுகிறேன்.

தோழா, உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலரின், அச்சேறுமுன் திருத்தும் மெய்ப்புத்தாள் என் மேசையில் கிடக்கிறது. மை மணம் இன்னும் போகவில்லை. காலையிலிருந்து நான்கு முறை கையில் எடுத்தேன். நான்கு முறையும் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். பிறந்த ஊர், படித்த பள்ளி, கோயில் திருப்பணி, ஊர்ச்சங்கப் பொருளாளர் பதவி, எல்லாம் இருக்கின்றன. ஒரு பத்தியின் மேல் மட்டும் சிவப்புக் கோடு. நாம் புலம்பெயர்ந்து வந்த இந்நகரின் பேஸ்போல் பந்தாட்ட அணியை நீ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பின்தொடர்ந்ததைச் சொல்லும் பத்தி அது. "உந்தப் பந்தடியும் வேணுமே, ஐயா?" என்று குழுச் செயலாளர் கேட்டார். வேண்டாம் என்று நானே கோடிழுத்தேன். பேச்சாளனாக எந்த மேடையிலும் வளையாதவன், என் சமையலறை மேசையில் அவர் கேட்ட ஒரு கேள்விக்கு வளைந்தேன்.

மெய்ப்பைப் பார்த்துவிட்டு நேற்று உன் மகள் அழைத்தாள்.

"வாசிச்சனான், மாமா. உதில அப்பா இல்லையே."

அத்துடன் தொலைபேசியை வைத்துவிட்டாள். அப்போதிருந்து என்னால் ஓரிடத்தில் அமர முடியவில்லை.

நீ அந்த ஆட்டத்தில்தான் இருந்தாய். நான் பார்க்க மறுத்தேன். ஒருநாள் றிச்மண்ட் ஹில் கோயில் வாசலில், "அவன்ர முழங்கை சரியில்லை, அண்ணை. இந்த வருசம் அவ்வளவுதான்," என்று முகம் வாடி நின்றாய். உன் மருமகனைத்தான் சொல்கிறாய் என்று எண்ணி, மறுவாரம் அவனிடம் கை நலமா என்று கேட்டேன். அவன் விழித்தான். நீ சொன்னதோ உன் அணியில் பந்து வீசுபவனை. நம்மவர் வாழும் ஸ்காபரோ முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தாய்.

நீ இந்நாட்டுக்கு வந்த புதிதில் அந்த அணி அடுத்தடுத்து இரு ஆண்டுகள் வாகை சூடியது. அன்று தெருவில் முகமறியா ஒருவர் உன்னைக் கட்டித் தூக்கினாராம். இந்நாட்டில் உன்னை அணைத்த முதல் அயலவர் அவர்தான் என்பாய். பிறகு தோல்வி. ஆண்டுக்கணக்கில் தோல்வி. உன்னோடு பார்த்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். நீ மட்டும் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியபடி ஒரு காதில் வானொலியோடு நின்றாய். தோற்பதற்கென்றே ஆடும் கூட்டத்தை ஏன் கட்டி அழுகிறாய் என்று நான் சீண்டியபோது நீ சொன்னாய்: "தோக்கேக்க விட்டிட்டு வாறதுக்கு, நான் என்ன வெண்டதுக்காகவோ போனனான், அண்ணை?"

சென்ற இலையுதிர் காலத்தில் உன் அணியினர் இறுதி ஆட்டத்தில் வெற்றியின் விளிம்புவரை போய்த் தோற்றார்கள். நீ உன் வரவேற்பறையில் அழுதாய். அரங்கு நிறைந்தவர்களை அழவைத்த எனக்கு, அருகில் இருந்த உனக்கென ஒரு சொல் வரவில்லை.

இவ்வாண்டு ஆட்டங்கள் தொடங்கிய சில நாளில், மருத்துவமனைக் கட்டிலிலிருந்து என் கையைப் பற்றினாய். "நேற்றைக்கு என்ன நடந்தது, அண்ணை? வெண்டவங்களோ?"

வென்றார்களா என்று தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

இப்போது நாள்தோறும் முடிவைத் தேடிப் பார்க்கிறேன். வீசியவன் யார், அடித்தவன் யார், எல்லாம் தெரியும். கேட்கத்தான் நீ இல்லை.

குழுவினரே, இன்று நண்பகலில் அச்சுப்பொறி ஓடத் தொடங்கும். அந்தப் பத்தி திரும்ப வரவேண்டும், ஒரு சொல்லும் குறையாமல். இடமில்லை என்பீர்களாயின், என் இரங்கலுரை ஒரு முழுப்பக்கம் நிற்கிறது, அதை எடுத்தெறியுங்கள். தொலைபேசியை எடுங்கள். அச்சகத்தை அழையுங்கள். இப்போதே அழையுங்கள்.