வெறும் பீங்கான் அனுப்புவதில்லை

2024 ஜூலை 3, புதன்

என் மகன் றிபாத் ஓ.எல். படித்த காலத்துக் கணக்குக் கொப்பி இது. பாதிக்கு மேல் எழுதாமல் கிடந்தது. முன்னறையில் வாடகைக்கு இருக்கும் நஜ்லா, "நடந்தத எழுதுங்க சாச்சி, நெஞ்சு லேசாகும்" என்றாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். பரவாயில்லை, வாசிக்கப் போவது நான்தானே.

என் புருசன் ஆதம்பாவா மவுத்தாகி இரண்டு மாதம் ஆகப் போகிறது. இத்தாவில் இருக்கிறேன், புருசனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் கேற்றைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய ஓட்டோ மாமரத்துக்குக் கீழே படங்கு போர்த்தி நிற்கிறது. அதுவும் இத்தாவில்தான்.

ஜூலை 5, வெள்ளி

நஜ்லா அக்குறணை ஊர்ப் பிள்ளை. கெம்பஸில் மானிடவியல் படிக்கிறாள். "அதென்ன படிப்பு?" என்று கேட்டேன். மனிசர் எப்படி வாழுறாங்க என்று பார்க்கிற படிப்பாம்.

"அதுக்கு கெம்பஸ் எதுக்கு மகள்? எங்கட நிஹாறா மதிலுக்கு மேலால எட்டிப் பார்த்தே அதெல்லாம் படிச்சி முடிச்சிட்டா."

நிஹாறா என் தங்கச்சி. பக்கத்து வளவு. இந்தத் தெருவில் தாயும் பெண்மக்களும் மதிலுக்கு மதில்தான் இருப்போம். வீடு மகளுக்கு, மாப்பிள்ளை வந்து சேருவார். குடியும், அதாவது வம்சமும், உம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை. இதைச் சொன்னதும் "தாய்வழி", "புறமணம்" என்று எழுதிக்கொண்டாள். என் வாயிலிருந்து விழுகிற எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பேர் இருக்கிறது.

"அப்ப நான் ஆரு?"

"நீங்க தகவலாளி, சாச்சி."

பொலிசுக்குத்தான் தகவல் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அவளுக்குச் சொல்லாத ஒன்று. எனக்குப் பெண்பிள்ளை இல்லை. றிபாத் ஒருவன்தான். அவன் சம்மாந்துறைக்கு மாப்பிள்ளையாகப் போய்விட்டான். இந்த வீட்டில் இனி நான்தான் முதலும் கடைசியும்.

ஜூலை 12, வெள்ளி

றிபாத் வந்தான். "இத்தா முடிஞ்ச கையோட வாங்க உம்மா. எங்கட ஊட்டுல இருங்க."

எங்கட ஊடாம். அது ஸப்னாவின் வீடு. மகனுடைய பெண்சாதி வீட்டில் தாய் போய்ச் சோறு தின்பதா? உம்மா செய்யவில்லை, உம்மாவின் உம்மா செய்யவில்லை. முடியாது என்றேன். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

நிஹாறா மதிலுக்கு மேலால், "நல்ல வேலை செஞ்சாய். அங்க போனா இருமுறதுக்கும் மருமகளிட்டக் கேக்கணும்கா" என்றாள்.

நஜ்லாவுக்கு விளங்கவேயில்லை. "எங்கட பக்கம் மகன்ட ஊட்டுலதானே உம்மா இருக்கிற. பொண்ணுதான் மாப்பிள்ள ஊட்டுக்குப் போற."

"பொம்பிளைப் பிள்ளைய அன்னிய ஊட்டுக்கு அனுப்பிட்டு உங்கட ஆக்களுக்கு நித்திரை எப்படி வருது?"

சிரித்தாள். தன் ஊர் வழக்கத்தை வைத்து மற்ற ஊரை அளப்பதற்கு இனமையவாதம் என்று பேராம். "உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு" என்றாள்.

இருக்கட்டும். ஆனால் இத்தா முடிந்து நான் எங்கே இருக்கப் போகிறேன்? இந்த வீட்டில் ஒரு ஆளுக்கு எத்தனை சுண்டு அரிசி போடுவதென்று இன்னும் எனக்குக் கை வரவில்லை. இன்றும் மிஞ்சிற்று.

ஜூலை 20, சனி

அவருடைய சாரனை மடித்து வைத்தேன். பிறகு விரித்தேன். திரும்ப மடித்தேன்.

ஜூலை 24, புதன்

இத்தாவுக்கும் பேர் இருக்கிறது. இடைநிலை. பழைய ஆளும் இல்லை, புதிய ஆளும் இல்லை, நடுவில், படியில் நிற்கிற காலமாம். சரியாகத்தான் சொல்கிறாள். கால் கடுக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நிஹாறா வட்டிலப்பம் அனுப்பினாள். பீங்கானைக் கழுவி, மாங்காய் அச்சாறு போட்டுத் திருப்பினேன். நஜ்லா விடவில்லை. "சும்மா கழுவிக் குடுத்தா என்ன?"

"வெறும் பீங்கான் அனுப்புற இல்ல மகள்."

"ஏன்?"

ஏன் என்றால்? அனுப்புவதில்லை, அவ்வளவுதான். அதற்குக் கைம்மாறு என்று எழுதிக்கொண்டாள். கொடுத்தால் வாங்க வேண்டும், வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அந்தப் போக்குவரத்தில்தான் மனிசர் ஒட்டிக்கொண்டு இருக்கிறார்களாம். எனக்கும் நிஹாறாவுக்கும் இப்போது எது ஆருடைய பீங்கான் என்றே தெரியாது.

ஆகஸ்ட் 10, சனி

ஸப்னாவுக்கு இந்த மாதக் கடைசியில் பிள்ளை கிடைக்க வேண்டும். அவளுடைய உம்மா குவைத்தில் வீட்டு வேலை. லீவு தர மாட்டார்களாம். பிள்ளைப் பேற்றுக்கு உம்மா பக்கத்தில் இல்லாத பெண்ணை இந்தப் பக்கத்தில் நான் கண்டதில்லை.

நான் போக வேண்டும். எப்படிப் போக? கேற்றைத் தாண்ட ஏலா. அங்க அந்தப் புள்ள தனிய, இஞ்ச நான் தனிய. இதுக்கு ஒரு பேர் வச்சிருக்காளா நஜ்லா? கேக்கல்ல. கேட்டா அழுதிருவன்.

அவளை இங்கே வரச் சொல்லலாம்தான். "மருமகள் மாமிட ஊட்டுல புள்ள பெத்த கதை எங்கட தெருவில இல்ல" என்கிறாள் நிஹாறா. ஸப்னாவும் வர மாட்டாள். அவளுக்கும் மானம் இருக்குமே. கேட்டு இல்லை என்று வாங்குவதைவிடக் கேட்காமல் இருப்பது நல்லது.

ஆகஸ்ட் 14, புதன்

வந்துவிட்டாள்.

றிபாத் முன்னால் தலகணி, பாயோடு. பின்னால் அவள், வயிற்றுக்கு மேல் ஒரு பெரிய பூப்போட்ட பீங்கானில் கோழிப் பொரியலைத் தாங்கிக்கொண்டு.

"உங்களுக்கு வெளிய வர ஏலா. எனக்கு உள்ள வர ஏலும்தானே மாமி. இதப் புடிங்க, கை நோகுது."

மதிலுக்கு மேலால் நிஹாறா: "இதென்னகா புதுப் பழக்கம்?"

"ரெண்டு நாள் பார்த்தீங்கண்டா பழசாப் போயிரும், சாச்சி" என்றாள் ஸப்னா.

நஜ்லா பேனை முடியுமட்டும் எழுதினாள். நான் அரிசி அளந்தேன். இன்று மிஞ்சவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

பெண்பிள்ளை. அல்ஹம்துலில்லாஹ்.

றிபாத் ஆசுபத்திரியிலிருந்து போன் எடுத்துச் சொன்னதும், அவரிடம் சொல்ல ஓட்டோப் பக்கம் திரும்பிவிட்டேன். படங்குதான் நின்றது. படங்கிடமே சொன்னேன்.

செப்டம்பர் 4, புதன்

பிள்ளை ஸப்னாவின் குடி. என் குடி இல்லை. வழக்கம் அதுதானே என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். ஸப்னா பிள்ளையின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"குடி எங்கடதான் மாமி. மூக்கு மாமாட மூக்கு. அத என்ன செய்ற?"

உண்மைதான். ஆதம்பாவாவின் மூக்கு. பாவம், பெண்பிள்ளைக்கு இவ்வளவு பெரிய மூக்கு.

செப்டம்பர் 18, புதன்

இத்தா முடிந்தது. குளித்து, தொழுது, கேற்றைத் திறந்து சந்தி வரைக்கும் போய்த் தயிர் வாங்கி வந்தேன். ஊர் அப்படியேதான் இருக்கிறது.

றிபாத் படங்கை எடுத்தான். ஓட்டோ கொஞ்சம் இருமிவிட்டு ஸ்டார்ட் வந்தது.

அக்டோபர் 9, புதன்

பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்தது. நாளைக்கு ஸப்னா போகிறாள். பிள்ளையின் துணி மடித்தேன். என்னுடையதை மடிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்கட ஊட்டுல இவ்வளவு நாள் கிடந்தன் மாமி. எனக்கு மானம் போகல்ல. எங்கட ஊட்டுல இருந்தா உங்களுக்கு மட்டும் எப்படிப் போகும்?"

குசினிக்குப் போனேன். அவள் கொண்டுவந்த பூப்போட்ட பீங்கான் அலுமாரியில் இருந்தது. இறக்கிக் கழுவினேன். மாங்காய்க் காலம் முடிந்து அச்சாறுப் போத்தலும் காலி. இவ்வளவு பெரிய வரவுக்கு நான் என்னத்தைப் போட்டுத் திருப்புவது?

நெடுநேரம் அந்தப் பீங்கானைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அக்டோபர் 24, வியாழன்

அந்தப் பூப்போட்ட பீங்கானோடு நானும் ஓட்டோவில் ஏறி வந்து இன்றோடு இரண்டு கிழமை. சம்மாந்துறையில் விடிவதே ட்ரெக்டர் சத்தத்தோடுதான். வயல் உழுகிற காலம். கடல் இரைச்சல் இல்லாமல் முதல் சில நாள் காது வெறிச்சென்று இருந்தது.

காலையில் எனக்கு இருமல் வந்தது. ஆரிடமும் கேட்காமல் நன்றாக, சத்தமாக இருமினேன். பிள்ளை எழும்பிற்று. ஸப்னா முறைத்தாள். "இப்பதான் மாமி தூங்கினவ." நானே தூக்கி ஆட்டினேன்.

நாளைக்கு வெள்ளி, கல்முனையில் என் வீட்டுக்குப் போகும் நாள். நஜ்லாவும் இப்போது அவளோடு தங்கும் கூட்டாளியும் வீட்டைக் கூட்டி வைத்திருப்பார்கள். போன வெள்ளி நிஹாறா முறைத்துக்கொண்டே பீங்கான் நிறையத் தொதல் கிண்டித் தந்துவிட்டாள். அவளுடைய பீங்கான் இங்கே குசினியில்தான் கிடந்தது. மறந்துவிடாமல் எடுத்து வைக்கலாம் என்று போனேன். ஸப்னா ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். மேலே மூடியிருந்த தட்டைத் தூக்கிப் பார்த்தேன். வறுத்த அரிசி மா, விளிம்பு வரைக்கும்.