ஐம்பத்தைந்து நிமிடம்

இன்று காலை எட்டு மணிக்கு மகளிடமிருந்து செய்தி வந்தது: "ஏறியாச்சு அப்பா." கையிலிருந்த தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நீ போய் ஏழு மாதமாகிறது. இந்தச் செய்தி வந்தால் உன்னிடம் சொல்ல இன்னும் அடுக்களைப் பக்கம்தான் திரும்புகிறேன்.

ஆஸ்திரேலியாவில், சுற்றிலும் சிவப்பு மண்ணே கிடக்கும் இரண்டு சிற்றூர்களில் மாறி மாறி அவளுக்கு நர்ஸ் வேலை. இடையில் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். மழைக்காலத்தில் சாலை மூழ்கிவிடும்; ஒன்பது பேர் ஏறுகிற சின்ன விமானம்தான் வழி. ஐம்பத்தைந்து நிமிடம். அவள் முதன்முதலாக அதில் ஏறிய அன்று, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாய். "ரெண்டு மணிக்கூறு ஆக்கும்" என்றேன். ஒருமுறை நெஞ்சுவலி வந்தவள் நீ. இறங்கியதும் அவள் அழைப்பது கொஞ்சம் தாமதித்தாலும் தாங்கமாட்டாய் என்று நினைத்தேன். மூன்று வருடம் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன்.

போன மழைக்காலத்தில் அந்த ஒரு நாள். ஐம்பத்தைந்து நிமிடம் கழிந்தது, அழைப்பில்லை. மருந்து வாங்கப் போவதாகச் சொல்லி பக்கத்து ஊர் அமரவிளைக்கு பஸ் ஏறினேன். கடைகளுக்குப் பின்னால் நின்று அவள் இறங்க வேண்டிய விமான நிலையத்துக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது நீ மரச்சீனிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாய். நாம் இரண்டு பேர்; பத்துப் பேருக்கானதைச் சீவிக் குவித்திருந்தாய். மருந்து எங்கே என்று நீ கேட்கவில்லை. அது ஏனென்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் ஏதோ தெரியாத எண்ணிலிருந்து அவள் பேசினாள். இடிமழையில் விமானத்தை ஒரு கனிமச் சுரங்கத்தின் ஓடுதளத்தில் இறக்கிவிட்டார்களாம். அங்கே அவள் போனுக்கு சிக்னல் இல்லையாம். நீ தரையில் உட்கார்ந்து வெகுநேரம் எழவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் அவளிடம் அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அம்மைக்கு மொதல்லேயே தெரியும் அப்பா. நான் மொதமொதல்ல ஏறின அன்னைக்கே எவ்வளவு நேரம்னு என்கிட்ட கேட்டா. 'அப்பாக்கிட்ட சொல்லாண்டாம் மக்கா, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த மனுஷன் இன்னும் பயப்படும்'னு சொன்னா."

ஒரே வீட்டில், ஒரே பிள்ளைக்காக, நாம் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். உனக்கு நிம்மதி கொடுத்ததாக நான் நினைத்த ஒவ்வொரு முறையும், வாய்விட்டுக் கேட்கவும் வழியில்லாமல் உன்னை நான்தான் அடைத்து வைத்திருக்கிறேன்.

இன்று ஒன்பதேகாலுக்கு அவள் அழைத்தாள். எதிர்க்காற்றாம், இருபது நிமிடம் தாமதம். வழக்கமாக, நன்றாயிருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். இன்று முடியவில்லை. "பயந்து போச்சு மக்கா" என்றேன்.

"எனக்கும் ஒவ்வொரு தடவையும் பயம்தான் அப்பா" என்றாள்.

நீ அவள் வாயிலிருந்து ஒருநாளும் கேட்க முடியாமல் போன சொல் அது. உனக்கும் சேர்த்து நான் கேட்டுக்கொண்டேன்.